குழலில் நாலு ஓட்டை

"ஓட்டை போட்டா என்ன தப்புங்கிறேன்?"

அன்று காலையில் சுருளிவேலு இதைக் கேட்பது ஐந்தாவது தடவை. ஜெசிந்தா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். எண்ணுவதை நிறுத்தினால் கத்திவிடுவாள்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. மலைமேல் இருபது ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். கேட்கப்பட்டவளுக்கு முப்பத்தாறு. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பதினொரு வருடம் சுடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வேலையை விட்டு, அடிவாரத்து ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தவள்.

இவள்தான் வாத்தியார். அவர் மாணவர். வயதைப் பார்த்து யாரும் மாற்றி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"சொல்லுங்க டீச்சரம்மா. என்ன தப்பு?"

"ஐயா, புல்லாங்குழல்ல எதுக்கு ஓட்டை போடுறாங்க?"

"பாட்டு வர்றதுக்கு."

"துப்பாக்கிக் குழல்ல?"

"துள்ளாம இருக்கிறதுக்கு. முனையில, மேல்பக்கமா நாலே நாலு ஓட்டை. வெடிக்கிற புகையெல்லாம் அதுவழியா மேல பீச்சும். அந்த வேகத்துல துப்பாக்கி தன்னால கீழ அமுங்கிரும். கடைக்காரர் வீடியோவே காட்டுனாரு."

"புகை மேல போகுமா?"

"மேலதேன் போகும்."

"மேல யாரு இருக்கா?"

சுருளிவேலு அண்ணாந்து பார்த்தார். மேலே தகரக் கூரை இருந்தது. கூரையில் ஒரு பல்லி இருந்தது.

"யாரும் இல்லியே," என்றார்.

ஜெசிந்தா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவரைத் திட்டவும் அவளுக்கு மனது வரவில்லை. அதுதான் பெரிய தொல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், இரண்டு பேர் அவர் வீட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் மனைவி குருவம்மாவின் கையை முறுக்கிக் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சுருளிவேலு கையில் பேப்பரோடு பார்த்துக்கொண்டு நின்றார். குருவம்மாவின் மணிக்கட்டு எலும்பு கோணலாகத்தான் கூடியது.

போகும்போது ஒருவன், "திரும்ப வருவோம் பெருசு," என்று சொல்லிவிட்டுப் போனான். ஆட்கள் இன்னும் அகப்படவில்லை.

இதை அவர் ஜெசிந்தாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

நினைத்தது சுலபமாக இருந்தது.

லைசென்ஸோடு அவர் வாங்கி வைத்திருந்த கைத்துப்பாக்கி, சுட்டால் மூக்கைத் தூக்கும். பிடியை இறுக்கி, மணிக்கட்டை அசையாமல் வைத்து, ஆயிரம் தடவை பழகினால் அடங்கும். ஆயிரம் என்றதும் சுருளிவேலுவுக்கு முகம் சுருங்கிப்போனது. அடுத்த வகுப்புக்கு வரும்போதே ஓட்டைக் கதையோடு வந்தார். டவுனில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர், வியாழக்கிழமை கொண்டுவாருங்கள், காகித வேலையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

இன்று திங்கள்.

"பந்தயத்துல சுடுறவனுக்கு அது நல்லதுதான் ஐயா," என்றாள் ஜெசிந்தா. "கையை நீட்டிப் பிடிச்சிருப்பான். நல்ல வெளிச்சத்துல நிப்பான். காதை மூடியிருப்பான், கண்ணாடி போட்டிருப்பான். உங்க வீட்டுக்குள்ள வர்றவன் உங்களை அப்படி நிக்க விடுவானா?"

"துள்ளாம இருந்தா நல்லதுதான டீச்சரம்மா?"

இவள் ஒன்று சொன்னால் அவர் காதில் வேறொன்று விழுந்தது. பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். கிளப்பில் போட்டிக்கு வைத்திருக்கிற காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் முனையிலும் மேல்பக்கமாக ஓட்டைகள் உண்டு. குண்டு இல்லை என்று திறந்து காட்டினாள். தன் கைப்பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து, அந்த ஓட்டைகளின்மேல் தாராளமாகக் கொட்டினாள்.

"வெறும் காத்துதான். கையை நீட்டிச் சுடுங்க."

சுட்டார். பவுடர் புஸ்ஸென்று மேலே கிளம்பி, தூரத்திலேயே கலைந்து போனது. துப்பாக்கி அசையவில்லை.

"பாத்தீகளா! பாத்தீகளா!" சுருளிவேலுவுக்கு வாயெல்லாம் பல்.

ஜெசிந்தா மறுபடி பவுடர் கொட்டினாள். தேங்காய் நார் அடைத்த சாக்கு மூட்டை ஒன்றை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இவன்தான் வந்தவன். உங்க சட்டையைப் பிடிச்சுட்டான். இப்பக் கையை நீட்டுங்க."

"எப்படி நீட்டுறது? இவன்தான் குறுக்க நிக்கிறானே."

"அதான். கையை நீட்டினா துப்பாக்கியைப் புடுங்கிருவான். முழங்கையை விலாவோட ஒட்டி, நெஞ்சுகிட்ட வெச்சுச் சுடுங்க."

சுட்டார்.

பவுடர் முழுக்க அவர் முகத்தில் போய் அடித்தது. மூக்கில் ஏறியது, கண்ணில் விழுந்தது, மீசை வெளுத்தது. மூன்று தும்மல் தும்மிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா காத்திருந்தாள். பதினொரு வருடத்தில் அவள் கண்டது, இந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். ஆளுக்கே உறைக்க வேண்டும்.

"இது பவுடரு," என்றார் சுருளிவேலு மெதுவாக.

"ஆமா."

"நெசத்துல அது நெருப்பும் கரியுமா இருக்கும்."

"ஆமாய்யா." ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

"அப்ப நான் கண்ணாடி போட்டுக்கிடுறேன்."

அந்த நிமிடத்திலிருந்து ஜெசிந்தாவுக்கு உலகத்தில் பிடிக்காத சொல் 'அப்ப' என்று ஆனது.

"திருடன் வர்றப்ப, தம்பி கொஞ்சம் நில்லு, கண்ணாடியத் தேடி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுவீங்களா?"

"அப்ப வீட்டுல எந்நேரமும் போட்டே இருக்கேன்."

"ஐயா, ஓட்டை வழியா நெருப்பு மேல பீச்சும். உங்க வீட்டுல எப்பவும் பனிமூட்டம். உள்ள இருட்டு. அந்த வெளிச்சம் நேரா உங்க கண்ணு முன்னாடி அடிச்சா, அடுத்த நிமிஷம் எதிர்ல யாரு நிக்கிறான்னே தெரியாது."

"அப்ப லைட்டப் போட்டு வெச்சிருவம்."

"சத்தம்! சத்தமும் முன்னாடி போகாம உங்க பக்கமே திரும்பும். நாலு சுவருக்குள்ள வெடிச்சா காது அடைச்சிரும்."

"அப்ப..."

"போதும்," என்றாள் ஜெசிந்தா. "புதன்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் இதைப் பத்திப் பேசாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜீப் மேலே போய்ச் சேர்ந்தபோது, பனி வாசல்வரைக்கும் வந்திருந்தது. வீட்டுக்குள் பல்பு எரிந்தது. எரிந்தும் மூலையெல்லாம் இருட்டாகத்தான் கிடந்தது.

சுருளிவேலு கதவைத் திறந்தார். முகத்தில் வெல்டிங் பட்டறைக்காரர்கள் போடுகிற பெரிய கண்ணாடி. இரண்டு காதிலும் பஞ்சு.

"காலையில எந்திரிச்சதுல இருந்து போட்டிருக்கேன்," என்றார் பெருமையாக.

"கண்ணாடியோடயேதான் இட்லி தின்னாரு," என்றபடி குருவம்மா வந்தாள். "சட்னி எது, சாம்பாரு எதுன்னு தெரியல இவருக்கு. வா தாயி, உக்காரு."

குருவம்மா நல்ல உயரம். கணவரைவிட அரை அடி கூடுதல். கல்யாணப் போட்டோவுக்கு அவரை மணைப்பலகை மேல் ஏற்றி நிறுத்தினார்களாம். சொல்லிச் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தாள். டம்ளரை நீட்டிய கையில் மணிக்கட்டு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஜெசிந்தா அதைப் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, அவங்க மறுபடி வந்தா நீங்க எங்க நிப்பீங்க?"

"ஆங்?"

"எங்க நிப்பீங்க!"

"கத்தாதீக, கேக்குது. இந்தா, இங்கதேன்."

அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு நடை இருந்தது. ஜெசிந்தா கையால் அளந்தாள். மூன்றடி அகலம். பின்கதவு அடுப்படியில். வருகிறவன் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"அம்மா எங்க இருப்பாங்க?"

"அவ படுக்கிற ரூமுக்குள்ள போயி, பாத்ரூம்ல நுழைஞ்சு தாழ் போட்டுக்கிடுவா. நாலு தடவ சொல்லிக்குடுத்திருக்கேன். என்ன புள்ள?"

"ஆமாங்க," என்று குருவம்மா தலையை ஆட்டினாள். "தாழ் போட்டுக்கிடுவேன்."

நல்ல ஏற்பாடு என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது. அவரிடமிருந்து வந்த முதல் உருப்படியான யோசனை என்றும் பட்டது.

கிளப்பிலிருந்து கொண்டுவந்த சாக்கு மூட்டையை நடைக்குள் கட்டித் தொங்கவிட்டாள். காற்றுத் துப்பாக்கியைத் திறந்து, குண்டு இல்லை என்று காட்டிக் கொடுத்தாள்.

"பவுடர் வேணாம்," என்றார் சுருளிவேலு. "அரிசி மாவு போட்டுப் பாப்பம். நல்லாத் தெரியும்." அவரே அடுப்படியில் போய் ஒரு கை மாவை அள்ளிவந்து ஓட்டைமேல் குவித்தார். தன் கட்சி ஜெயிக்கப்போகிறது என்கிற சந்தோஷம் அவருக்கு.

"நீங்க கூடத்துல உக்காந்திருங்க. அம்மா ரூமுல இருக்கட்டும். நான் பின்கதவைத் தட்டினதும் வந்து நில்லுங்க. துப்பாக்கி நெஞ்சுகிட்ட, முனை சாக்கைப் பார்த்து. ஒரே ஒரு தடவை சுடுங்க."

ஜெசிந்தா அடுப்படிக்குப் போனாள். பின்கதவைப் படார் என்று தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி தட்டினாள். காலால் உதைத்தாள். பரணிலிருந்து ஒரு தட்டு விழுந்து உருண்டது.

எட்டிப் பார்த்தாள். சுருளிவேலு கூடத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இன்னும் ஏன் தட்டவில்லை என்கிற முகத்தோடு காத்திருந்தார்.

ஜெசிந்தா போய் அவர் முன்னால் நின்றாள்.

"காதுல பஞ்சு இருந்தா திருடன் வர்றது எப்படிய்யா கேக்கும்?"

"ஆங்?"

அவளே ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினாள். "திருடன் வர்றது எப்படிக் கேக்கும்னேன்!"

சுருளிவேலு யோசித்தார்.

"அப்ப ஒத்தக் காதுல மட்டும் வெச்சுக்கிடுறேன்."

ஜெசிந்தாவுக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்விடலாம் போல இருந்தது. போனால் நாளை வியாழக்கிழமை. இவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவார். நாலு ஓட்டையோடு திரும்பி வருவார். பிடி பழகமாட்டார். என்றைக்காவது ஒருநாள் அந்த இரண்டு பேரும் கதவைத் தள்ளுவார்கள்.

"சரி," என்றாள். "ஒரு காது திறந்திருக்கட்டும். மறுபடி தட்டுறேன்."

போய்த் தட்டினாள். இந்தத் தடவை நிஜமாகவே கோபத்தில் தட்டினாள். கதவு அதிர்ந்தது, தாழ்ப்பாள் துள்ளியது. தோட்டத்து நாய் குரைத்தது.

சுருளிவேலு ஓடிவந்து நடையில் நின்றது, தொங்குகிற சாக்குக்கு அப்பால் அவளுக்குக் கொஞ்சம் தெரிந்தது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே இருந்தது. நிற்பதெல்லாம் சரியாகத்தான் நின்றார்.

டப்.

மாவு கிளம்பி நடையையே மறைத்தது.

"ஒண்ணும் ஆகல!" என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "டீச்சரம்மா, கண்ணுல ஒரு பொட்டு விழுகல. துப்பாக்கியும் துள்ளல. இப்ப என்ன சொல்றீக?"

ஜெசிந்தா சுவரில் சாய்ந்தாள். தோற்றுப்போய்விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் தோற்றுப்போய்விட்டாள்.

அப்போது யாரோ இருமினார்கள்.

சுருளிவேலுவின் இருமல் இல்லை.

ஜெசிந்தா சாக்கைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். சுருளிவேலுவும் திரும்பிப் பார்த்தார்.

அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு குருவம்மா நின்றாள். அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த முகம் முழுக்க மாவு. இமை இரண்டும் இறுக மூடியிருந்தன. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, மாவில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. கோணல் கை அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்திருந்தது. நல்ல கையில் ஒரு விளக்குமாறு இருந்தது.

இந்த அம்மா வந்ததை ஜெசிந்தாவும் பார்க்கவில்லை. வருவாள் என்று நினைக்கக்கூட இல்லை.

"ஏ புள்ள!" சுருளிவேலு அலறினார். "உன்னைய பாத்ரூமுக்குள்ள போயித் தாழ் போடத்தான சொன்னேன்?"

"சொன்னீக," என்றாள் குருவம்மா, கண்ணைத் திறக்காமல்.

"சரி சரின்னு தலைய ஆட்டுனேல்ல?"

"ஆட்டுனேன்."

"பெறகு என்னத்துக்கு இங்க வந்து நிக்கிற?"

"நீங்க ஒத்தையில நிப்பீகளே," என்றாள் அவள்.

சுருளிவேலு துப்பாக்கியை ஜெசிந்தாவிடம் நீட்டினார். கண்ணாடியைக் கழற்றினார், அது கைதவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குதிகாலை எக்கி நின்று, அவள் இமையை ஓரத்திலிருந்து மெல்லத் துடைக்க ஆரம்பித்தார்.

"தொற புள்ள. மெதுவாத் தொற."

"எரியுதுங்க."

"ஒண்ணுமில்ல. மாவுதேன்," என்றார் சுருளிவேலு. "இது மாவுதேன் புள்ள. வெறும் மாவுதேன்."